மகன் மொழிபெயர்ப்பாளன் அல்லன்

சில ஆண்டுகளுக்கு முன், நான் முன்பு பணிபுரிந்த ஓர் ஊரில், பிறவியிலேயே காது கேளாத தையல் தொழிலாளர் ஒருவர் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். வயது நாற்பதுக்குள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறிக்கொண்டிருந்தது. கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தது. உடன் வந்தவன் அவருடைய மகன், ஏழாம் வகுப்பு மாணவன். தந்தையின் கைகளைப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்வான். நான் தமிழில் சொல்வதைத் தன் சின்னக் கைகளால் தந்தைக்குச் சொல்வான். கெட்டிக்காரப் பையன். அந்தக் கெட்டிக்காரத்தனமே என்னை ஏமாற்றிவிட்டது என்று இப்போது எண்ணுகிறேன்.

நோயின் வகையை அறியச் சிறுநீரகத் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்சி, செய்ய வேண்டும் என்றேன். "சிறுநீரகத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம்" என்பதுதான் நான் சொன்ன வாக்கியம். பையன் கைகளை அசைத்தான். தந்தையின் முகம் மாறியது. அவர் எழுந்தார், கோப்பை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அச்சத்தால் போகிறார், நாளை வருவார் என்று நினைத்து அடுத்த நோயாளரை அழைத்தேன்.

அவர் மூன்று வாரம் வரவில்லை. வந்தபோது வீக்கம் இடுப்பு வரை ஏறியிருந்தது. கிரியாட்டினின் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. இம்முறை, காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒருவரை அவருடைய நண்பர்கள் கைப்பேசியின் காணொளி அழைப்பில் இணைத்திருந்தனர். ஆசிரியர் வேறோர் ஊரில், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தார். என் மேசையில் இருந்த மருந்து விளம்பர நாட்காட்டியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். அவர் வழியாகத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. மூன்று வாரத்திற்கு முன் தந்தைக்குக் கிடைத்த செய்தி, 'உங்கள் சிறுநீரகத்தை வெட்டி எடுக்கப் போகிறார்கள்' என்பது. பையன் மீது எந்தத் தவறும் இல்லை. 'துண்டு' என்றால் பென்சில் முனையினும் மெல்லிய, ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை என்று நான் அவனிடம் சொல்லவேயில்லை. சிறுநீரகத் திருட்டைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்த ஒரு மனிதர் வேறு என்ன செய்வார்?

அன்று அவர் என்னிடம் ஒன்பது கேள்விகள் கேட்டார். எந்தப் பக்கத்துச் சிறுநீரகம்? வலிக்குமா? இரத்தம் கசிந்தால் என்ன செய்வீர்கள்? தையல் இயந்திரத்தை எத்தனை நாள் மிதிக்கக் கூடாது? முதல் வருகையில் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாதுவான மனிதர் என்று எண்ணியிருந்தேன். கேட்பதற்கு அவருக்கு வழியே இல்லாதிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

இதை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. காது கேளாத நோயாளரும் மருத்துவரும் இணையக் காணொளி வழியே, பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு பேசிக்கொள்ளுதல் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான வார்டுகளில் இன்றும் ஒரு மகனோ மகளோ தங்கையோதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றத்தைச் சாதனம் மட்டும் கொண்டுவராது என்பதும் என் கருத்தே.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. சைகை மொழி என்பது தமிழைக் கைகளால் எழுதிக் காட்டுவதன்று. அதற்கென்று சொல்வளமும் இலக்கணமும் உண்டு. அமெரிக்கச் சைகை மொழி முழுமையான ஒரு மொழியே என்பதை வில்லியம் ஸ்டோக்கோ என்ற அறிஞர் 1960-இல் மொழியியல் நோக்கில் நிறுவினார். அதன் பின்னரே உலகின் கல்விக்கூடங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கின. நம் நாட்டில் வழங்குவது இந்தியச் சைகை மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் செவித்திறன் குறைபாடு உடையவர்களாகப் பதிவாகியுள்ளனர். அவர்கள் அனைவரும் சைகை மொழி பேசுவோர் அல்லர். முதுமையில் செவித்திறன் இழந்தவர்களும் அதில் உண்டு. இவ்வேறுபாடு மருத்துவமனையில் மிக முக்கியமானது. அறுபது வயதில் காது மங்கிய ஆசிரியருக்கு, பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசிச் செயலி பேருதவி. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவருக்கோ எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவரிடம் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, அவர் தலையசைத்ததும் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது எங்களில் பலர் செய்யும் பிழை. போதாக்குறைக்கு, நாங்கள் பேசும் பாதி ஆங்கிலம் கலந்த தமிழை அந்தச் செயலிகள் எழுத்தாக்கும் விதம் சில நேரங்களில் நகைப்புக்குரியது. மருந்தளவு பற்றிய வாக்கியமாக இருந்தால் நகைக்கவும் இயலாது.

எனவே, காணொளி. அன்று நாட்காட்டியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் படம் அடிக்கடி உறைந்து நின்றது. ஆசிரியரின் குரல் எனக்குத் தடையின்றிக் கேட்டது. அவருடைய கைகள் மட்டும் நோயாளருக்குத் தெரியவில்லை. அது வெறும் தற்செயல் இல்லை என்பதைப் பிறகு அறிந்தேன். காணொளி அழைப்புச் சாதனங்கள் பெரும்பாலும் காது கேட்பவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. இணைய வேகம் குறைந்தால் அவை முதலில் ஒலியைக் காப்பாற்றும், படத்தைக் கைவிடும். நமக்கு அது சரியான முடிவு. கண்ணால் கேட்பவருக்கோ அது நேர் எதிர்.

எவ்வளவு தெளிவு தேவை என்பதை வல்லுநர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-லேயே சைகை மொழி உரையாடலுக்கான காணொளித் தரம் குறித்து ஓர் ஆவணம் வெளியிட்டது. வினாடிக்கு 25 படங்கள் அளவில் ஓடினால் உரையாடல் இயல்பாக இருக்கும். 12-க்குக் கீழே இறங்கினால் விரல்களால் எழுத்துக்கூட்டுவது சிதைந்து போகும். மருந்தின் பெயரைச் சொல்ல விரல்களால் எழுத்துக்கூட்டுவதே பெரும்பாலும் வழி என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர், கைப்பேசி இணையம் மெதுவாக இருந்த காலத்தில், படச் சட்டத்தில் முகமும் கைகளும் உள்ள பகுதிக்கு மட்டும் தெளிவைக் கூட்டி, பின்புறச் சுவரை மங்கலாக விட்டு அனுப்பும் முறையை உருவாக்கினர். ஏன் முகம்? சைகை மொழி பேசுவோர் எதிரிலிருப்பவரின் கைகளையே உற்று நோக்குவதில்லை. அவர்களுடைய பார்வை பெரும்பாலும் முகத்தில், வாயருகே, நிலைத்திருக்கும். கைகளை ஓரப் பார்வையால் வாங்கிக்கொள்வார்கள். புருவத்தை உயர்த்தினால் கேள்வி. தலையை ஆட்டினால் மறுப்பு. 'வலிக்கிறது' என்பதற்கும் 'வலிக்கிறதா?' என்பதற்கும் உள்ள வேறுபாடு கையில் இல்லாமல் முகத்தில் மட்டும் இருக்கக்கூடும். முகக்கவசம் அணிந்து சைகை காட்டும் செவிலியர் எவ்வளவு சொல்லாமல் விட்டுவிடுகிறார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே திரைக்குள் குடியேறியபோது இன்னொரு குறை வெளிப்பட்டது. பலர் கூடும் இணையக் கூட்டங்களில், யார் பேசுகிறாரோ அவருடைய படத்தைச் செயலி பெரிதாக்கிக் காட்டும். 'பேசுகிறார்' என்பதை அது ஒலியால் அறிகிறது. கைகளால் பேசுபவர் எவ்வளவு பேசினாலும் தபால்தலை அளவுப் பெட்டியிலேயே இருப்பார். பின்னால் யாரேனும் இருமினால் இருமியவர் பெரிதாவார். கூகுள் ஆய்வாளர்கள் அவ்வாண்டே இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வைச் செய்து காட்டினர். ஒருவர் சைகை மொழியில் பேசத் தொடங்குவதைக் கணினி கண்டுபிடித்ததும், மனிதச் செவிக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியொன்றைக் கூட்டத்திற்குள் அனுப்பும். செயலி அவர் பேசுவதாக நம்பி அவரைப் பெரிதாக்கும். காது கேளாதவரைக் கவனிக்கவைக்க, யாருக்கும் கேட்காத ஒரு சத்தம்! இன்று சில கூட்டச் செயலிகளில் சைகை மொழிபெயர்ப்பாளருக்கென்று தனிச் சாளரமே வைக்க இயலும். ஜூம் செயலியில் 2022-இல் அது வந்தது.

இனி நான் சற்று கறாராகப் பேச வேண்டிய இடம். மொழிபெயர்ப்பாளரே வேண்டாம், இயந்திரமே சைகையைப் பேச்சாக்கும், பேச்சைச் சைகையாக்கும் என்ற வாக்குறுதியோடு செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அன்புள்ளம் கொண்ட உறவினர்கள் அச்செய்திகளை எனக்குக் கைப்பேசியில் அனுப்புவதும் உண்டு. 2016-இல் அமெரிக்க மாணவர் இருவர் சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறைகளுக்காக ஒரு பெரிய பரிசு பெற்றனர், உலகமே பாராட்டியது. காது கேளாதோர் பலர் பாராட்டவில்லை. கையுறைக்குக் கைதான் தெரியும். புருவம் தெரியாது என்றனர். அன்றியும், அந்தச் சாதனத்தை அணிய வேண்டியவர் காது கேளாதவர். பயன் பெறுபவர் சைகை கற்காத நாம். திரையில் அசையும் பொம்மை உருவங்களைப் பற்றி, உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018-இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. மாறாத, முன்கூட்டியே தயாரித்துவைக்கக்கூடிய அறிவிப்புகளுக்கு அவ்வுருவங்கள் உதவலாம். நேரடியான, சிக்கலான உரையாடலுக்கு மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக அவற்றை வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

அதன் பின் தொழில்நுட்பம் வளர்ந்துள்ளது, இனியும் வளரும். ஆயினும் என் அறையில் அந்தக் கோடு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 'மருந்தகம் தரைத்தளத்தில் உள்ளது' என்பதை ஒரு பொம்மை சொல்லட்டும். 'இந்தச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா?' என்பதை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். நோயாளர் முகம் சுளித்தால் அதைக் கண்டு, 'ஐயா, அவருக்குப் புரியவில்லை, வேறு விதமாகச் சொல்லுங்கள்' என்று என்னை நிறுத்தக்கூடிய மனிதர். அன்று அந்த ஆசிரியர் என்னை நான்கு முறை நிறுத்தினார்.

நம் நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015 முதல் புது தில்லியில் இயங்குகிறது. அம்மையம் 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட காணொளி அகராதி 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது. மருத்துவச் சொற்களும் அதில் அடக்கம். இணையத்தில் எவரும் காணலாம். எங்கள் செவிலியர் சிலர் 'வலி', 'தண்ணீர்', 'மூச்சு', 'கழிப்பறை' ஆகியவற்றை அதில் பார்த்துக் கற்றுக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நான்கு சொல் கற்ற செவிலியர் ஒப்புதல் படிவத்தை விளக்கத் தொடங்கினால், நான் தடுப்பேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பாடல் என்பதன் வரையறையிலேயே சைகை மொழியைச் சேர்த்துள்ளது. அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. சாய்தளம் கட்டிவிட்டால் இக்கடமை முடிந்துவிட்டது என்று கருதும் நிர்வாகங்களை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 2011-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்விஷயத்தில் படிக்கத்தக்கவை. காணொளி வழி மொழிபெயர்ப்பு தருவோர் வழங்க வேண்டியவை: தடங்கலும் உறைதலும் இல்லாத படம், மொழிபெயர்ப்பாளரின் முகமும் கைகளும் விரல்களும் தெளிவாகத் தெரியுமளவு பெரிய திரை, தெளிவான ஒலி, சாதனத்தை இயக்குவோருக்குப் பயிற்சி. இவற்றோடு, உடன் வந்த சிறுவரை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், வேறு எவரும் கிடைக்காதபோது மட்டுமே விதிவிலக்கு. ஏழாம் வகுப்புப் பையனை முன்னிறுத்தி நான் பேசிய அந்த நாளில் இதைப் படித்திருக்கவில்லை.

உறவினர் மொழிபெயர்ப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு வருபவருக்கு அருகில் நிற்கும் மகள்தான் துணை. ஆனால் 'அப்பாவுக்கு இனி டயாலிசிஸ் தேவைப்படும்' என்பதை மகள் முதலில் கேட்டு, தானே தாங்கி, பிறகு தன் கைகளால் தந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது கொடுமை. பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். 'அவருக்கு அவ்வளவும் தெரிய வேண்டாம் டாக்டர், நான் பிறகு சொல்லிக்கொள்கிறேன்' என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்பினால் சொல்லப்படும் வாக்கியம். அதன் விளைவாகத் தம் உடலைப் பற்றிக் கடைசியாக அறிபவர் அந்த உடலுக்கு உரியவரே. மனைவி முன் சொல்ல விரும்பாத நோய்க்குறி ஒன்று இருந்தால் அவர் யார் வழியாக என்னிடம் சொல்வார்? உள்ளூர்க் காது கேளாதோர் வட்டம் சிறியது. அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் அவருடைய திருமணத்திற்கும் வந்திருப்பார். வெளியூரிலிருந்து திரையில் தோன்றும் முன்பின் அறியாத ஒருவர் சில வேளைகளில் அதனாலேயே மேலானவர். ஆயினும் அவர் தமிழ்நாட்டுக் காது கேளாதோரோடு பழகியவராக இருத்தல் நன்று. சைகைகள் வட்டாரத்திற்கு வட்டாரம் மாறுகின்றன, உதட்டில் உச்சரிக்கும் சொல்லும் இந்திக்கும் தமிழுக்கும் வேறு.

சாதனம் நம் கட்டிலுக்கு வந்த பின்னும் எளிய செயல்கள் சில அதைத் தோற்கடிக்கும். வென்ஃப்ளான் ஊசியை வலக்கையில் குத்தி அட்டை வைத்துக் கட்டிவிட்டால் அவருடைய பேச்சில் பாதியைக் கட்டிவிட்டோம். எந்தக் கையால் அதிகம் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் குத்தலாம். டயாலிசிஸ் நோயாளருக்கு ஃபிஸ்டுலா அமைக்கும்போது பொதுவாக அதிகம் பயன்படாத கையைத் தேர்கிறோம். இவர்களுக்கு அக்கையும் பேச்சுக்கு வேண்டியது. நான்கு மணி நேரம் அதை அசைக்காமல் படுத்திருப்பவர், வாரத்தில் மூன்று நாள், பாதிக் குரலோடு இருக்கிறார். எனவே முக்கியமான பேச்சை இயந்திரத்தில் இணைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

பயாப்சியில் நோயாளர் குப்புறப் படுத்திருப்பார். 'மூச்சைப் பிடியுங்கள்' என்று நான் சொல்லும் கணத்தில் அவர் அசையாமல் இருக்க வேண்டும். காதும் கேளாது, என் முகமும் தெரியாது, திரையும் தெரியாது. அந்தத் தையல் தொழிலாளரோடு, அவர் படுக்கும் முன்பே, ஆசிரியரின் துணையால் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். தோளில் ஒருமுறை தட்டினால் மூச்சைப் பிடிக்க வேண்டும். இருமுறை தட்டினால் விடலாம். அவரே மூன்று முறை ஒத்திகை பார்த்தார். எனக்கு நேர்ந்த பயாப்சிகளில் அவ்வளவு அசையாமல் இருந்தவர்கள் குறைவு. நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டது. இழந்த மூன்று வாரத்தின் வடு சிறுநீரகத்தில் நிலைத்துவிட்டது.

நீங்களோ உங்கள் குடும்பத்தில் ஒருவரோ சைகை மொழி பேசுபவராயின், முன்பதிவின்போதே அதைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் குறித்த நேரத்திற்கு ஏற்பாடு செய்ய அது ஒன்றே வழி. உங்களுக்குப் பழக்கமான மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரைக் காணொளியில் இணைக்க என் அறையில் எப்போதும் அனுமதி உண்டு. ஒலிக்காகத் தயங்க வேண்டாம். உரையாடலை யாரும் பதிவு செய்யவேண்டாம். சன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு அமருங்கள். முதுகுப்புறம் விழுந்தால் எதிரிலிருப்பவருக்கு நீங்கள் நிழலாகத்தான் தெரிவீர்கள். கைப்பேசியைச் சாய்த்து வைக்க ஏதேனும் ஒரு தாங்கி கொண்டுவாருங்கள். உடனிருப்பவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் படமும் ஆடும், அவராலும் சைகை காட்ட இயலாது. காணொளி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும், சார்ஜரை மறவாதீர்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் உள்ள இணைப்புகளில் மருத்துவக் கருவிகளுக்கு உரியவை எவை என்று செவிலியரைக் கேட்டுவிட்டு, மற்றதில் சொருகிக்கொள்ளுங்கள்.